மண் தொட்டியில் உப்பு பூத்தால்: புளியா, வினிகரா, ப்ளீச்சா?

போர் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் மண் தொட்டி ரொம்ப நாள் சிவப்பாக இருக்காது. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பும் உரத்தின் உப்பும் சுவரின் நுண்துளை வழியே கசிந்து, ஈரம் ஆவியானதும் வெளியே வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படியே விட்டால் உப்பு துளைக்குள்ளேயே இறுகி, விளிம்பு பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பிக்கும்.

எதைப் பயன்படுத்தினாலும் முதலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். பச்சைப் பாசி பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

பித்தளை விளக்கிப் பழகிய கை புளியைத்தான் தேடும். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு பெரிய தொட்டி மூழ்க எவ்வளவு புளி கரைப்பது? சின்னத் தொட்டியின் விளிம்பில் தடவித் தேய்க்கச் சரி. சரியாகக் கழுவாவிட்டால் எறும்பு வரும்.

உப்புக் கறைக்கு என் ஓட்டு வினிகருக்குத்தான். கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை வினிகர் 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும். பொடிக் குமிழிகள் கிளம்பினால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். குமிழி நின்றும் வெள்ளை போகவில்லையா? கரைசலை மாற்றி மறுபடி ஊற வையுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ப்ளீச்சின் வேலையே வேறு. அது உப்பை எடுக்காது, நோய்க்கிருமியைக் கொல்லும். வேரழுகி செடி செத்த தொட்டிக்கு அவசியம். ப்ளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு இருப்பதால் அதுவே வெள்ளை படியவைக்கும். திரவ ப்ளீச் மேல். 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர், குறைந்தது 10 நிமிடம், பிறகு நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள். வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். இரண்டும் தேவையென்றால் வினிகர் வேலையை முடித்து, அலசிக் காயவைத்து, மறுநாள் ப்ளீச்.

கறையை மறைக்கக் காவி பெயிண்ட் அடிப்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. சுவர் மூச்சு விடும் என்றுதானே மண் தொட்டி வாங்குகிறோம்? துளையை அடைத்தால் உள்ளே தங்கிய ஈரமும் உப்பும் பெயிண்டையே உரித்துக்கொண்டு வரும்.

சுத்தமாகிக் காய்ந்த தொட்டியில் உடனே செடி வைக்காதீர்கள். காய்ந்த சுவர் புது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, குமிழி அடங்கியதும் எடுத்து நடுங்கள்.