சாக்லேட் கட்டி ஆபரேஷனுக்குப் பின் ஒட்டல்: சவ்வா, திரவமா, ஜெல்லா?

கருப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ்; சினைப்பையில் அது கட்டியாகத் திரண்டால் சாக்லேட் கட்டி. இதற்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்து லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் ஆபரேஷன்) செய்துகொள்ளும் பெண்கள் உண்டு. "உள்ளே ஒட்டாம இருக்க ஒரு பொருள் வைக்கலாம், அதுக்குத் தனிக் காசு" என்ற பேச்சு பெரும்பாலும் கையெழுத்து போடும் நேரத்தில்தான் வருகிறது. அந்த அவசரத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயமில்லை இது.

வயிற்றுக்குள் காயம்பட்ட உள்சவ்வில் ஃபைப்ரின் என்ற, ரத்தம் உறையும்போது உருவாகும் பசை போன்ற புரதம் படியும். அது கரையாமல் தங்கிவிட்டால் சினைப்பை குடலோடோ இடுப்புச் சுவரோடோ ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய முதல் வாரத்திலேயே இது தீர்மானமாகிவிடுகிறது. உள்ளே வைக்கும் பொருள் அந்த ஒரு வாரம் இரண்டு பக்கத்தையும் தள்ளி வைக்கிறதா என்பதே எனக்கு அளவுகோல்.

சலைன் இதில் தேறாது. ஓரிரு நாளில் உடம்பு உறிஞ்சிவிடும்.

அடெப்ட் என்ற 4% ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் அதைவிடக் கூடுதல் நாள் தங்கும். ஆபரேஷன் முடிவில் ஒரு லிட்டர் உள்ளே விடுவார்கள். அமெரிக்காவில் 2006-ல் லேப்ராஸ்கோப்பிக்கென்றே அனுமதி பெற்றது. ஆனால் எஷ்ரே என்ற ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டி, எண்டோமெட்ரியோசிஸில் இதனால் பலன் நிரூபணமாகவில்லை என்றது. சர்க்கரை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது உடம்பில் மால்டோஸாக உடையும். சில வகை குளுக்கோமீட்டர்கள் அதையும் குளுக்கோஸாக எண்ணி அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்டர்சீட் என்ற செல்லுலோஸ் சவ்வை அதே வழிகாட்டி ஏற்றது. பொருள்களில் என் தேர்வும் இதுதான், ஒரு நிபந்தனையோடு: ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் இது வேலை செய்யாது. ஆழமாக வெட்டியெடுத்த இடத்தில் கசிவை முழுக்க நிறுத்துவது லேசான காரியமல்ல. அதனால் காசைவிட டாக்டரின் கைப்பக்குவம்தான் முதலில் வருகிறது.

செப்ராஃபில்ம் என்ற இன்னொரு சவ்வு எளிதில் நொறுங்கும், சிறு துளை வழியே வைப்பது சிரமம். ஹையலூரானிக் ஜெல்லைப் பூசுவது சுலபம், ஆய்வுகள் சிறியவை. சினைப்பையைச் சில நாள் வயிற்றுச் சுவரோடு நூலால் தூக்கிக் கட்டுவதும் உண்டு. லண்டனில் நடந்த ஆய்வில், மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில், கட்டியதற்கும் கட்டாததற்கும் ஒட்டலில் வித்தியாசம் தெரியவில்லை.

வலி குறையும், குழந்தை தங்கும் என்பதற்கு இவற்றில் எதற்குமே உறுதியான சான்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

ஜிப்மரானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் முன்கூட்டியே கேளுங்கள்: எதை வைப்பீர்கள், ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்? வைத்த பொருளின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். அடெப்ட் என்றால், வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டரையும் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.