செல்லை உடைக்காமலே புரதம் வெளியே வருமாம்: ₹38,500 போச்சு

நேற்று மாலைதான் சீக்வென்ஸிங் (டிஎன்ஏவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிற சோதனை) முடிவு வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த மாதிரி வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வாங்கியது ஒரு பிளாஸ்மிட், அதாவது பாக்டீரியாவுக்குள் ஜீனை ஏற்றப் பயன்படும் சின்ன டிஎன்ஏ வளையம். விற்றது, ஜீன் செய்து பிளாஸ்மிட்டில் ஏற்றித் தருகிற ஆன்லைன் நிறுவனம் ஒன்று. பெயர் போட வேண்டாம் என்று என் ஆராய்ச்சி கைடு சொல்லிவிட்டார். விலை ₹38,500. என் ஒரு மாத ஃபெல்லோஷிப்பே 37,000 தான். ப்ராஜெக்ட் பணம் வரத் தாமதமானதால், அப்புறம் பில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று கைக்காசைப் போட்டேன்.

ஈ. கோலை பாக்டீரியாவில் சைலனேஸ் நொதி செய்கிறேன். ஒவ்வொரு முறையும் செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்தால் உள்ளே இருக்கிற அத்தனை புரதமும் கூடவே கொட்டும். பாக்டீரியாவே நொதியை வெளியே, அது வளர்கிற திரவத்துக்குள் (மீடியா) தள்ளிவிட்டால் பாதி வேலை மிச்சம். ஆனால் ஈ. கோலைக்கு இரண்டு சவ்வு. உட்சவ்வைத் தாண்டினால் பெரிபிளாசம் என்ற சந்து, அதற்கும் அப்பால் வெளிச்சவ்வு. வெளிச்சவ்வில் போரின் என்ற துளைகள் உண்டுதான், ஆனால் அவற்றில் 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவுக்குள் இருக்கும் சில்லறை மூலக்கூறுகள்தான் போகும். என் நொதி இருபதாயிரத்துக்கும் மேல்.

விற்பனைப் பிரிவில் பேசியவர் இதையெல்லாம் எனக்கே பாடம் எடுத்தார். அதில்தான் விழுந்தேன். "ஹீமோலைசின் சிஸ்டம் போட்டுத் தர்றோம் மேடம். ஹெச்எல்ஒய்பி, ஹெச்எல்ஒய்டி ரெண்டும் பிளாஸ்மிட்லயே இருக்கும், டோல்சி உங்க ஈ. கோலைகிட்டயே இருக்கு. செல்லை உடைக்கவே வேண்டாம், மீடியாவை எடுத்து அப்படியே காலம்ல (புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்கிற குழாய்) போடுங்க." சொன்னது அத்தனையும் சரி. ஹீமோலைசின் என்ற நச்சுப் புரதத்தை வெளியேற்றும் இந்த முதல் வகைச் சுரப்பு அமைப்பு (மூன்று புரதங்கள் சேர்ந்தது) அப்படித்தான் வேலை செய்கிறது. ஹெச்எல்ஒய்பி, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துப் புரதத்தைத் தள்ளும், ஹெச்எல்ஒய்டி இடையில் இணைக்கும், டோல்சி மூன்று சேர்ந்து 140 ஆங்ஸ்ட்ராம் நீளக் குழாயாக வெளிச்சவ்வைத் துளைத்து நிற்கும். புரதம் பெரிபிளாசத்தில் கால் வைக்காமல் ஒரே மூச்சில் வெளியே போய்விடும். வாட்ஸ்அப்பில் படம்கூட அனுப்பினார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று அன்றைக்கே பணத்தை அனுப்பினேன்.

ஒரு இடத்தில் சுதாரித்திருக்க வேண்டும். "காலரா நச்சே இப்படித்தான் மேடம் வெளிய வருது" என்றார். வராது. காலரா நச்சு போவது இரண்டாம் வகையில்: முதலில் பெரிபிளாசத்தில் இறங்கி, அங்கே மடிந்து (அதாவது தன் உருவத்துக்குச் சுருண்டு), ஐந்து பி துண்டுகளோடு ஒரு ஏ துண்டு சேர்ந்த பிறகுதான் வெளிச்சவ்வு வாசல் வழியாக வெளியேறும். ஏதோ வாய் தவறிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இன்னொன்று: மடிந்துவிட்ட புரதம் டோல்சி குழாயில் நுழையாது. நேர்மையான ஆளாக இருந்தால் "உங்க நொதி எவ்வளவு சீக்கிரம் மடியும்?" என்று முதலில் கேட்டிருப்பார். கேட்கவே இல்லை.

பிளாஸ்மிட் வந்தது. மீடியாவில் நொதி இல்லை. போன் செய்தால், "ஐபிடிஜி (ஜீனை வேலை செய்யத் தூண்டும் ரசாயனம்) அதிகமாப் போட்டிருப்பீங்க." குறைத்தேன். "37 டிகிரில வச்சீங்களா? 25-ல வைங்க." வைத்தேன். "ராத்திரி முழுக்க விடுங்க." விட்டேன், மீடியாவில் கொஞ்சம் நொதி தெரிந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் லேப் சீனியர் அக்கா, "பீட்டா-காலக்டோசிடேஸ் பார்த்தியா?" என்று கேட்டாள். அது செல்லுக்குள்ளேயே இருக்கிற நொதி, வெளியே வர அதற்கு வழியே கிடையாது. மீடியாவில் ஓஎன்பிஜி (அந்த நொதி இருந்தால் மஞ்சளாகும் ரசாயனம்) போட்டோம். பளிச்சென்று மஞ்சள். செல் செத்து உடைந்து ஒழுகியதைத்தான் சுரப்பு என்று நம்பியிருக்கிறேன். வாங்குவதற்கு முன் அவர்கள் அனுப்பிய ஜெல் படமும் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டுவது) ராத்திரி முழுக்க விட்ட கல்ச்சர்தான். இப்போதுதான் படத்தோடு இருந்த குறிப்பைப் படித்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் சுக்ரோஸும் ஈடிடிஏவும் போட்டு ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீரில் அதிர்ச்சி கொடுத்தோம். வெளிச்சவ்வு மட்டும் தளரும், உட்சவ்வு அப்படியே இருக்கும். நொதி கொட்டியது! அதாவது இத்தனை நாளும் பெரிபிளாசத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சந்தேகப்பட்டு சீக்வென்ஸிங்குக்கு அனுப்பினேன், அதற்குத் தனிச் செலவு. ஹெச்எல்ஒய்பி இல்லை, ஹெச்எல்ஒய்டி இல்லை. ஹீமோலைசினின் சிக்னல் (எந்த வழியாகப் போக வேண்டும் என்று காட்டும் துண்டு) புரதத்தின் வால் பக்கம் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. தலைப்பக்கம் 22 அமினோ அமிலத்தில் பெல்பி சிக்னல் மட்டும் ஒட்டியிருக்கிறது. பழைய சரக்கு, எங்கள் ஃப்ரீசரிலேயே நாலு பிளாஸ்மிட்டில் இருக்கிறது. அது புரதத்தை உட்சவ்வு தாண்டி விட்டுவிட்டுக் கழன்றுகொள்ளும், அவ்வளவுதான். காய்கறியை அழுகவைக்கும் எர்வினியாவிலிருந்து எடுத்த சிக்னல் அது. அந்தப் பாக்டீரியாவிடம் வெளிச்சவ்வைத் தாண்ட இரண்டாம் வகை அமைப்பு தனியாக இருக்கிறது, அங்கே வேலை நடக்கும். என் ஈ. கோலையில் எப்படி நடக்கும்?

முடிவை அனுப்பினேன். முதலில் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க" என்றார்கள். கூப்பிட்டவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செக்ரீஷன்னா (சுரப்பு) சைட்டோபிளாசத்துக்கு (உட்சவ்வுக்கு உள்ளே இருக்கும் பகுதி) வெளிய மேடம். பெரிபிளாசமும் வெளியதானே?" வீட்டில் கொண்டுவந்து தருகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு, காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே போட்டுவிட்டுப் போகிறவன் பேசுகிற பேச்சு. மீடியாவை எடுத்து அப்படியே காலத்தில் போடச் சொன்னது யார்? "அது சேல்ஸ் சொன்னது மேடம், இன்வாய்ஸ்ல அப்படி இல்லையே." பார்த்தேன். 'செக்ரீஷன் வெக்டர் (சுரப்புக்கான பிளாஸ்மிட்), 1' என்றுதான் இருக்கிறது. பிளாஸ்மிட் வந்த குழாயைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பாதாம், அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடியாம். ₹38,500-ஐ வாங்கிக்கொண்டு தள்ளுபடி!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. பணம் கட்டும் முன் முழு சீக்வென்ஸையும் மெயிலில் வாங்கி, எந்த ஜீன் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். மீடியாவில் நொதியின் பட்டையை (பேண்ட்) ஜெல்லில் காட்டினால், செல் உடையவில்லை என்பதற்கான சோதனையையும் கூடவே கேளுங்கள். போனில் சொன்னதை இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள். கைக்காசைப் போடாதீர்கள். என் பில்லை நேற்று அக்கவுண்ட்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொருள் வேலை செய்ததாகக் கைடு கையெழுத்துப் போட்டால்தான் ₹38,500 கிடைக்குமாம். அவர் எப்படிப் போடுவார்?