வேதாகம வம்ச அட்டவணைச் சுவர்ப்படம்: வாங்கலாமா?

ஆதாம் முதல், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து யூதர்களை அழைத்துவந்த செருபாபேல் வரையிலான தலைமுறைகளை ஒரே தாளில் காட்டும் இந்தச் சுவர்ப்படத்தைத் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையிலிருந்து எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்காக வாங்கினோம். ஐப்பசி மழை ஈரத்தில் லேமினேஷன் ஓரம் சற்றுப் பிரிந்ததே தவிர, அச்சு மங்கவில்லை. யூதா கோத்திரம் சிவப்பிலும் லேவி கோத்திரம் நீலத்திலும் இருப்பதால் பிள்ளைகளால் எளிதில் பின்தொடர முடிகிறது.

குறை, படத்தின் இடப்பக்கம் அச்சிட்டிருக்கும் ஆண்டு அளவுகோலில் தொடங்குகிறது. ஆதியாகமம் 5-ஆம் அதிகாரம் வயதுகளைச் சொல்வதால் கூட்டிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் அந்த எண்கள் எபிரேய மூலத்தில் ஒருவிதமாகவும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் வேறுவிதமாகவும் உள்ளன. எகிப்தில் இருந்த காலம் 430 ஆண்டுகள் என்று யாத்திராகமம் 12 கூறுகிறது. அதே நூலின் 6-ஆம் அதிகாரமோ லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று நான்கே தலைமுறைகளைத் தருகிறது. இந்த இடைவெளியை நிரப்ப, அம்ராமுக்கும் மோசேக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்திருக்கிறார்கள். ஆதாம் முதல் நோவா வரை பத்து, சேம் முதல் ஆபிரகாம் வரை பத்து, பேரேஸ் முதல் தாவீது வரை பத்து என்று எண்ணி அடுக்கப்பட்ட பட்டியலைக் காலண்டராக மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

வம்ச அட்டவணைகள் காலத்தைவிட உரிமையைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில், தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாத சில ஆசாரியக் குடும்பங்கள் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டதை எஸ்றா 2 பதிவு செய்கிறது. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்றவர்களுக்கு அந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். கி.மு. 586-இல் எருசலேம் விழுந்து, அரசன் இல்லாமற்போன பின் தொகுக்கப்பட்ட முதலாம் நாளாகமம், ஒன்பது அதிகாரங்களைப் பெயர்களுக்கே ஒதுக்கி, தாவீதின் கிளையைச் செருபாபேலுக்கு அப்பாலும் தொடர்கிறது. நம் ஊரிலும், 1799 உடன்படிக்கையால் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்ட தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, 1803-இல் தம் போன்ஸ்லே வம்ச வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் பொறிக்கச் செய்தார். அதிகாரம் கைவிட்டுப் போன பிறகுதான் வம்சாவளிக்கு இத்தனை அவசரம் வருகிறது போலும்.

இந்தப் பார்வை இல்லாததால் படம் பெண்களை அடியோடு விட்டுவிட்டது. மகன் இல்லாத தகப்பனின் பங்கைக் கேட்டு வாங்கிய செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் எங்கும் இல்லை. சேசான் தன் மகளை எகிப்திய வேலைக்காரனான யர்காவுக்குக் கொடுத்து வம்சத்தைத் தொடர்ந்ததாக நாளாகமம் தெளிவாகச் சொல்லியிருக்க, படத்திலோ சேசானிடமிருந்து அத்தாயிக்கு நேர்கோடு செல்கிறது. மோவாபியப் பெண்ணான ரூத் இல்லாமலேயே போவாஸுக்குத் தாவீதின் தாத்தாவான ஓபேத் பிறந்துவிடுகிறான்! செருபாபேலின் தகப்பன் நாளாகமத்தில் பெதாயா, எஸ்றாவிலும் ஆகாயிலும் செயல்தியேல். படம் ஒருவரை மட்டும் காட்டி மற்றவரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பெயர்களையும் கோத்திரங்களையும் மனத்தில் நிறுத்த 240 ரூபாய் அதிகமில்லை. வாங்குபவர்கள் அளவுகோலின்மேல் தாள் ஒட்டிவிட்டு, முதலாம் நாளாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பாடம் நடத்துவது நல்லது. மறுபதிப்பு வருமானால் ரூத்துக்கும் பேரேஸின் தாயான தாமாருக்கும் யர்காவின் மனைவிக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.