வெயிலையும் விசாரித்து மருந்து எழுதும் டாக்டர்: ஒரு கிராமத்து மனநல கிளினிக் பற்றி

மனநலத்துக்கு நல்ல டாக்டர் வேண்டுமென்றால் நகரத்துக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அண்ணனுக்கு பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று தெரிந்ததிலிருந்து ஒரு கிராமத்து கிளினிக்கில்தான் காட்டுகிறோம். அங்கே ஒரே ஒரு மனநல மருத்துவர், எண்பதை நெருங்கிய வயது, வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஊர்ப் பெயரும் அவர் பெயரும் எழுதவில்லை, ஏனென்றால் அங்கே வந்து உட்காருகிறவர்களில் பலர் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாமல் வருகிறவர்கள்.

முதல் நாள் மிகப் பொறுமையாகப் பேசினார். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்ற வழக்கமான கேள்விகளோடு, என்ன வேலை, வெயிலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, இடையில் தண்ணீர் குடிக்க முடிகிறதா, உடம்பு வலித்தால் என்ன மாத்திரை போடுகிறாய் என்றெல்லாம் கேட்டார். இதெல்லாம் எதற்கு என்பது, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தை எழுதியபோது விளங்கியது. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் அதன் பலனை எழுதினார். அவ்வளவு பழைய மருந்து, ஆனால் இன்றைக்கும் பைபோலாருக்கு முதல் வரிசையில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாகச் சரி, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. நாள் முழுக்க வயலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், சாயந்திரம் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு அதே டோஸிலேயே அளவு ஏறிவிடும். கை அதிகமாக நடுங்கினாலோ, வாந்தி பேதி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லி, அதை அண்ணனிடமும் எங்களிடமும் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினார். குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்டாலே தோல் எரியும் என்பதால், வெளியில் உழைக்கிறவர்களுக்கு முடிந்தவரை வேறு மருந்து பார்ப்பாராம்.

ஒரே இடத்தில் நீண்ட காலம் இருந்ததன் பலனும் மருந்துச் சீட்டிலேயே தெரிகிறது. எங்கள் சித்தப்பாவுக்கும் இதே நோய், அவருக்கு வைத்தியம் பார்த்ததும் இவரேதான், அவருக்கு லித்தியம் நன்றாகக் கேட்டது. ரத்த உறவில் ஒருவருக்குக் கேட்டால் இன்னொருவருக்கும் கேட்க வாய்ப்பு அதிகம் என்பதால் அண்ணனுக்கு அதிலேயே ஆரம்பித்தார், நாலைந்து மருந்தை மாற்றிப் பார்க்கும் அலைச்சல் எங்களுக்கு மிச்சமானது. அவர் படித்து வந்த நாட்களில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்து (1952) இருபது வருடம்கூட ஆகியிருக்கவில்லை. தினமும் மாத்திரை தொடர முடியாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் டெபாட் ஊசி பரவியதையும், வேறு எதற்கும் அடங்காத ஸ்கிஸோஃப்ரீனியாவுக்கு (மனச்சிதைவு நோய்க்கு) குளோசபின் என்ற மருந்து வந்ததையும் வேலையில் இருந்தபடியே பார்த்தவர். அதற்காகப் புது மருந்து எது வந்தாலும் பாய்ந்து எழுதுகிறவர் கிடையாது. பலன் என்ன, விலை என்ன, ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று யோசித்துத்தான் எழுதுவார்.

நான் ரொம்ப மதிப்பது இன்னொரு விஷயம். மனச்சோர்வோடு யார் வந்தாலும், வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கூட வந்தவரிடம் தனியாகக் கேட்கிறார். இருந்தால், அன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்தி வேறு யார் பொறுப்பிலாவது பூட்டி வைக்கச் சொல்கிறார், மாத்திரையையும் ஒரு வாரத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறார். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றும் அந்த நேரத்து வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அப்போது கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். இலங்கையில் 1990-களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் வெகுவாகக் குறைந்தது இதனால்தான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். காத்திருப்பு அதிகம், அரை நாள் போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். காத்திருக்கும் இடம் தெருவைப் பார்த்தே இருக்கிறது. கிராமத்தில் யார் எங்கே நுழைகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் இது சின்னக் குறை இல்லை, இதற்குப் பயந்தே சிகிச்சைக்கு வராமல் இருப்பவர்கள் உண்டு. பின்பக்கமாக ஒரு வழி வைக்கலாம். பேச்சு வழி சிகிச்சை தருவதற்கு உளவியலாளர் யாரும் இல்லை, இருந்திருந்தால் பதற்ற நோய்க்கு வருகிறவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதியும் கிடையாது, மேனியா (பைபோலாரில் வரும் அளவுமீறிய உற்சாக நிலை) முற்றிவிட்டால் வேறு ஊருக்குத்தான் ஓட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, அவருக்குப் பிறகு யார் என்பது. வீடியோவில் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார்கள். நோய் அடங்கி, டோஸ் நிலைத்தவர்களுக்கு அது போதும், நானும் பரிந்துரைப்பேன். ஆனால் மருந்தினால் வரும் விறைப்பை, கையைப் பிடித்து மடக்கிப் பார்க்கிற டாக்டரைப் போலத் திரை வழியாகக் கண்டுபிடிக்க முடியாது. முதல்முறை வருகிறவரை, அதுவும் பேசவே மறுக்கிற ஒருவரை, அப்படிப் பார்ப்பது இன்னும் கஷ்டம்.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒருவர் இருந்தால் தயங்காமல் போங்கள். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் கொண்டுபோங்கள், வேறு எதற்காகவாவது சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப்போங்கள், முக்கியமாக ரத்த அழுத்த மாத்திரை, ஏனென்றால் அவற்றில் சில லித்தியம் அளவைக் கூட்டும். அப்புறம், அவர் கையாலேயே ஒரு பக்கத்துக்குச் சுருக்கம் எழுதி வாங்கி வையுங்கள். இப்போதைய மருந்தும் டோஸும், கடைசி ரத்த அளவும் அதில் இருக்கட்டும். எந்த மருந்தை ஏன் நிறுத்தினார் என்பதும் அதில் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் அடுத்த டாக்டர் அதையே மறுபடி ஆரம்பிப்பார்.