சூரியன்-பூமி-நிலா மாடல்: பெல்ட் நழுவினால் வருடம் முழுக்கக் கத்திரி வெயில்

மகள் ஏழாம் வகுப்பு. கிரகணம் பற்றிப் புத்தகத்தில் இருக்கிற படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் மண்டையில் ஏறவில்லை என்றாள். சரி என்று ஆன்லைனில் தேடி, கையால் சுற்றுகிற சூரியன்-பூமி-நிலா மாடல் ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். பெயர் சொல்லிப் பயனில்லை, ஒரே சாமானை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். நடுவில் மஞ்சள் மூடி போட்ட ஒரு பல்பு, அதுதான் சூரியன். அங்கிருந்து நீளும் கையின் நுனியில் 10 செ.மீ. பூமி, அதைச் சுற்றிக் கம்பியில் கோலிக்குண்டு போல நிலா. அடியில் பல்சக்கரங்களும் ஒரு ரப்பர் பெல்ட்டும்.

அந்தப் பெல்ட்தான் முதல் தலைவலி. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனை எந்தப் பக்கமிருந்து சுற்றினாலும் அது துருவ நட்சத்திரம் இருக்கும் திசையையே பார்த்தபடி நிற்கும், அதனால்தான் ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது, டிசம்பரில் விலகிக்கொள்கிறது. மாடலில் அந்தத் திசையை மாறாமல் பிடித்து வைப்பது பெல்ட்டின் வேலை. எங்களுக்கு வந்தது தொளதொளவென்று இருந்து, இரண்டாவது சுற்றிலேயே நழுவிவிட்டது. அப்புறம் பூமி எங்கே போனாலும் வடதுருவத்தைச் சூரியனுக்கு நீட்டிக்கொண்டே போனது, அதாவது வருடம் முழுக்க நமக்குக் கத்திரி வெயில். விற்றவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். "நல்லாத்தானே சார் சுத்துது" என்று பதில் வந்தது! பரணில் கிடந்த டேப் ரெக்கார்டரின் பெல்ட்டைக் கழற்றி மாட்டியதும் சரியாகிவிட்டது.

சென்னை இருக்கும் இடத்தில் ஒரு பல்குச்சித் துண்டை நட்டு ஒட்டினோம். ஜூன் பக்கம் வைத்தால் நிழல் தெற்கே விழுகிறது, டிசம்பரில் வடக்கே நீளுகிறது, இடையில் இரண்டு இடங்களில் நிழலே காணாமல் போகிறது. நிஜத்தில் சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டி நடுப்பகலில் நடப்பது இதுதான். இதற்கே பாதிப் பணம் வசூல்.

பிறைகளும் நன்றாகவே தெரிகின்றன. அறையை இருட்டாக்கிவிட்டு, பூமி இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும், மேலேயிருந்து பார்த்தால் எப்போதும் பாதி நிலாதான். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று என் மனைவி இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். நானும் கல்லூரி வரை அப்படித்தான் நினைத்தேன், அதை வீட்டில் சொல்லவில்லை.

மகளின் கேள்வி அதற்கப்புறம் வந்தது. "அப்பா, இதுல ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நிலா நிழலுக்குள்ள போகுதே, அப்போ மாசா மாசம் கிரகணம் வரணுமே?"

வரணும்தான். மாடலில் நிலாவின் பாதையைப் பூமியின் பாதையோடு ஒரே மட்டத்தில் போட்டிருக்கிறார்கள். உண்மையில் அது சுமார் 5 டிகிரி சாய்வு. கம்பியை மேலே வளைத்துப் பார்த்தேன், நிலா முழுச் சுற்றும் மேலேயே நின்றது. பாதிச் சுற்று மேலே, பாதிச் சுற்று கீழே போக வேண்டுமே. தினசரி காலண்டர் அட்டையை வளையமாக வெட்டி, பூமியைச் சுற்றிச் சாய்வாகச் செருகி, அதன் விளிம்பில் நிலாவை நகர்த்தினோம். அப்போதும் மாதாமாதம் கிரகணம்! காரணம் தூரம். கம்பியின் நீளம் 12 செ.மீ., 5 டிகிரிக்கு நிலா ஏறுவது வெறும் ஒரு செ.மீ., பூமியோ அதைவிட எவ்வளவோ பெரிது. நிஜ நிலா 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது, பூமியின் குறுக்களவில் 30 மடங்கு.

டேப் எடுத்து ஹாலில் 3 மீட்டர் அளந்தோம். அங்கே 5 டிகிரி என்றால் சுமார் 26 செ.மீ. உயரம். 10 செ.மீ. பூமியின் நிழல் நிலாவுக்குக் கீழே எங்கேயோ தள்ளிப் போய்விடுகிறது. நிலாவின் பாதை பூமியின் பாதை மட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களுக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ அமைந்தால்தான் கிரகணம், அந்த இரண்டு இடங்கள்தான் பஞ்சாங்கத்து ராகுவும் கேதுவும் என்றேன். பாட்டி டிவியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணமும் இப்படி அமைந்ததுதான். சூரியனையும் இதே அளவில் வைக்க வேண்டுமென்றால் 11 மீட்டர் பல்பை 1.2 கி.மீ. தள்ளி, எங்கள் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி வைக்க வேண்டும், அதனால் அதைப் பற்றிப் புகார் இல்லை.

ஐந்துக்கு மூன்று. பருவம், பிறை இரண்டுக்கும் தாராளமாக வாங்கலாம், கிரகணத்துக்கு இதை நம்பாதீர்கள், அதற்கு ஒரு பந்தும் கோலியும் டார்ச்சும் போதும். பெட்டியைப் பிரித்ததும் முதலில் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள், தொளதொளவென்றால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் பத்து நாள் விட்டுவிட்டேன், வாங்க மறுத்துவிட்டார்கள்.