செம்பு லைனா, பைபரா, கிளவுட்டா: யாழ்ப்பாணத்துக் கடைக்கு எந்தப் போன்?

"நாங்கள் இன்னும் பழைய லேண்ட்லைன்தான்" என்று சொல்லும் பல கடைகளில் உண்மையில் இருப்பது இன்டர்நெட் போன். வீதியிலிருந்து பைபர் வந்து, சுவரில் பூட்டிய பெட்டிக்குள் போய், போன் வயர் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது என்றால் உங்கள் குரல் ஏற்கெனவே டேட்டாவாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குரிய அதே 021 இலக்கம், மேசையில் அதே போன், அதனால் ஒருவரும் கவனிப்பதில்லை. கரண்ட் போன பிறகுதான் தெரியவரும்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியவை நான்கு: செம்புக் கம்பி, பைபரோடு வரும் போன், கடைக்குள்ளேயே வைக்கும் ஐபி பிபிஎக்ஸ் (வரும் கோல்களைப் பல போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், இன்டர்நெட் முறையில் ஓடும் சுவிட்ச்), அதே வேலையைக் கொம்பனியின் சேர்வரிலிருந்து மாதக் கட்டணத்துக்கு எடுக்கும் கிளவுட் பிபிஎக்ஸ். வட்ஸ்அப்பும் போட்டியில் நிற்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

செம்பு லைனுக்கு வேண்டிய கரண்ட் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து, 48 வோல்ட், அதே கம்பியிலேயே வருகிறது. அங்கே பற்றரியும் ஜெனரேற்றரும் ஓடும்வரை உங்கள் போனில் டயல் டோன் இருக்கும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களை நினைத்துப் பாருங்கள், மொபைல் கோபுரங்களின் பற்றரிகளே தாக்குப்பிடிக்கத் திணறிய நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. (கோட்லெஸ் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பலன் கிடையாது, அதன் அடித்தட்டுக்குச் சுவர்க் கரண்ட் வேண்டும்.) ஆனால் மற்ற எல்லாவற்றிலும் செம்பு பின்தங்கிவிட்டது. மழை பெய்தால் இணைப்புகளில் ஈரம் ஏறிக் கரகரப்பு, கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் துரு, ஐப்பசி கார்த்திகை இடிமின்னலில் கம்பி வழியே வரும் அதிர்ச்சி போனையும் றவுட்டரையும் சேர்த்தே எரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு லைனில் ஒரு கோல்தான். தீபாவளிக்கு முதல் வாரம் புடவைக்கடைக்கு எடுக்கும் இரண்டாவது ஆளுக்குக் கேட்பது எங்கேஜ் டோன், அவர் உடனே பக்கத்துக் கடைக்கு எடுப்பார்.

பைபர் கண்ணாடி இழை. மின்னல் அதன் வழியே கடைக்குள் வராது, கரண்ட் பிளக் வழியே வரலாம், அது வேறு கதை. மழைக்குக் கரகரக்காது. முக்கியப் பலவீனம் ஒன்று: சுவர்ப் பெட்டிக்கு நீங்கள்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அதற்கு றவுட்டருக்கென்றே விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் (கரண்ட் போனால் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி) போதும். வாங்கும்போது அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் பார்த்து வாங்குங்கள், பெட்டிக்கு ஒன்று, தனி றவுட்டர் இருந்தால் அதற்கும் ஒன்று. ஒரு மேசை, ஒரு போன் என்று நடக்கும் பார்மசிக்கும் ஹார்ட்வெயார் கடைக்கும் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பது என் எண்ணம். கிளவுட் விற்க வருபவர் என்ன சொன்னாலும் சரி.

நாலைந்து பேர் போன் எடுக்கும் இடங்களுக்குத்தான் மற்ற இரண்டும். சனல் சென்ரர் (டாக்டரைப் பார்க்கப் பதியும் இடம்), ஹோட்டல், கல்யாண மண்டபம், சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் கிளை வைத்திருக்கும் கடை. இவர்களுக்குக் கிளைக்குக் கிளை எக்ஸ்டென்ஷன் என்ற உள் இலக்கத்தில் காசில்லாமல் கதைக்கலாம், ஒரே இலக்கத்துக்கு ஒரே நேரத்தில் பல கோல் வரலாம், தவறிய கோல்களின் பட்டியலும் கையில் இருக்கும்.

கடைக்குள் வைப்பதென்றால் ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள் 1999இலிருந்து இருக்கிறது, சின்னக் கம்பியூட்டரிலேயே ஓடும். கேட்வே என்ற இணைப்புப் பெட்டி ஒன்று பூட்டினால் பழைய செம்பு லைனையும் அதற்குள் கொண்டுவரலாம். ஆனால் யார் பராமரிப்பது? பூட்டித் தந்த பொடியன் கனடாவுக்குப் போய்விட்டால் பாஸ்வேர்ட்கூட ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பாஸ்வேர்ட் பலவீனமாக இருந்து, சேர்வர் இன்டர்நெட்டுக்குத் திறந்தும் இருந்தால், யாரோ இரவோடு இரவாக உள்ளே புகுந்து கூடிய கட்டணம் அறவிடும் வெளிநாட்டு இலக்கங்களுக்கு எடுத்துத் தள்ளுவார்கள், பில் உங்களுக்கு வரும். ஐடிடி என்ற வெளிநாட்டுக் கோல் வசதியை நிறுத்தி வையுங்கள்.

கிளவுட்டில் அந்தத் தலையிடி கொம்பனியுடையது. கடையில் பைபர் அறுந்தாலும் மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்து அதே இலக்கத்தில் கதைக்கலாம், எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். ஆனால் லண்டனில் கடை வைத்திருக்கும் மச்சான் "நாங்கள் பாவிப்பதையே எடு" என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். அதன் சேர்வர் அங்கே இருந்தால் நல்லூரிலிருந்து பக்கத்தில் இருக்கும் நம்மூர்த் திருநெல்வேலிக்குப் போகும் கோலும் லண்டன் சுற்றித்தான் வரும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெக்கன்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "ஹலோ ஹலோ" என்றே நேரம் போகும். அங்கே அவர்களுக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை, பிரித்தானியா தன் பழைய போன் வலையமைப்பை 2027 ஜனவரியோடு மூட இருக்கிறது. அவர்களுடைய அவசரத்தை உங்கள் அவசரமாக எடுக்க வேண்டாம்.

லண்டன் இலக்கம் ஒன்றை எடுத்து யாழ்ப்பாணத்தில் அடிக்க வைப்பது புலம்பெயர் வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் வியாபாரத்துக்கு நல்ல யோசனைதான். அந்தக் கோலை ஆப்பிலேயே எடுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை இங்குள்ள போன் வலையமைப்புக்குள் திருப்பிவிடும் வேலைக்குப் போகாதீர்கள், சட்டச் சிக்கல்.

ஸ்பீட் காணாது என்று பயப்படுவது வீண். ஒரு கோலுக்குச் சுமார் 90 கிலோபிட், பத்துக் கோலுக்கும் ஒரு மெகாபிட் போதும். குரலைக் கெடுப்பது அதே லைனில் சிசிடிவி வீடியோ மேலே ஏறிக்கொண்டிருப்பதுதான், றவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் பலருக்கு ஏற்கெனவே முதல் போன். படம் அனுப்பலாம், வெளிநாட்டிலிருந்து காசில்லாமல் எடுக்கலாம். ஆனால் லேண்ட்லைனிலிருந்து அதற்கு எடுக்க முடியாது, முதலாளியின் சொந்த சிம்மில் இருந்தால் அவர் கோயிலுக்குப் போகும் நேரம் கடையும் போய்விடும். வட்ஸ்அப் பிசினஸில் 021 இலக்கத்தையே பதியலாம், உறுதிப்படுத்தும் குறியீடு லேண்ட்லைனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வராது என்பதால் "கோல் மீ" கொடுங்கள், அந்த இலக்கத்துக்கே எடுத்துக் குறியீட்டை வாசித்துக் காட்டும். பிபிஎக்ஸில் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" வகையறா இருந்தால் அந்தக் கோல் அதிலேயே மாட்டிக்கொள்ளும், பதிந்து முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள். கார்ட் மெஷினோ அலாரமோ பழைய லைனில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, புது இணைப்பில் அதே இலக்கத்துக்கு வெளியிலிருந்து எடுத்துப் பார்த்து, அது அடித்த பிறகு செம்பு லைனை வெட்ட எழுதிக் கொடுங்கள்.