ஃப்யூஜிடிவ் டாக்டர் எங்கே நிற்கிறார்: ஹார்ட்னெலுக்கு முன்பா, 6பி-யிலா?

‘டாக்டர் ஹூ’ ரசிகர்கள் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஜோ மார்ட்டின் பெயரை எடுத்தால் போதும், கட்சி பிரிந்துவிடும். இந்த பிபிசி தொடரின் நாயகரான டாக்டர், காலத்தில் பயணிக்கும் ‘டைம் லார்டு’ இனத்தவர். சாகும் தறுவாயில் ‘ரீஜெனரேஷன்’ நடந்து அவருக்குப் புது உடலும் முகமும் வரும், நடிகரும் மாறுவார். 2020 ஜனவரி 26 அன்று ஒளிபரப்பான எபிசோடில் க்ளாஸ்டர் நகரத்துச் சுற்றுலா வழிகாட்டி ரூத்தாக அறிமுகமாகி, எபிசோடு முடிவதற்குள் டாக்டராக எழுந்து நின்றவர் அவர். அவரைத்தான் ‘ஃப்யூஜிடிவ் டாக்டர்’, அதாவது தப்பியோடிய டாக்டர் என்கிறார்கள். அப்போதைய டாக்டரான ஜோடி விட்டேக்கருக்கு இவர் யாரென்றே நினைவில்லை. இவருக்கும் அவரைத் தெரியாது. சரி, இவரை வரிசையில் எங்கே செருகுவது?

இன்றைக்கும் தாக்குப்பிடித்து நிற்கும் தியரிகள் இரண்டு. முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலுக்கும் முன்னால் வாழ்ந்து, பிறகு நினைவு அழிக்கப்பட்டவர் என்பது ஒன்று. இரண்டாவது டாக்டரான பேட்ரிக் ட்ரௌட்டனுக்கும் மூன்றாவதான ஜான் பெர்ட்வீக்கும் நடுவில் ஒளிந்திருப்பவர் என்பது மற்றொன்று. ஆறாவது சீசனுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் என்பதால் இதைத்தான் ‘சீசன் 6பி’ என்கிறார்கள். பழைய எபிசோடுகளைத் திரும்பப் பார்த்து நான் முதல் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஆனால் 6பி-யைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மற்ற தியரிகளை இரண்டு வரியில் முடித்துக்கொள்ளலாம். இணைப் பிரபஞ்சத்து டாக்டர் என்றால், டாக்டரின் கருவியான சோனிக் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சோதிக்கும்போது இருவரும் ஒரே ஆள் என்று வந்திருக்காது. டைட்டிலிலும் ‘டாக்டராக ஜோ மார்ட்டின் அறிமுகம்’ என்று பட்டவர்த்தனமாகப் போட்டிருக்க மாட்டார்கள். வருங்கால டாக்டர் என்றால் விட்டேக்கரின் முகம் அவருக்கு நினைவிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இனி 6பி. இந்தத் தியரி ரூத்துக்காகப் பிறந்தது இல்லை, அதைவிடக் கால் நூற்றாண்டு மூத்தது. 1969-இல் வந்த ‘தி வார் கேம்ஸ்’ பத்து எபிசோடுகள் கொண்ட கதை. அதன் முடிவில் டைம் லார்டுகள் டாக்டரைப் பிடித்து விசாரித்து, பூமிக்கு நாடு கடத்துகிறார்கள், முகத்தையும் மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். எந்த முகம் வேண்டும் என்று வரிசையாகப் படங்களைக் காட்ட, ட்ரௌட்டன் ஒவ்வொன்றையும் குறை சொல்லித் தள்ளுவார்: ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, ஒன்றுக்கு வயது அதிகம். கடைசியில் சுழன்றுகொண்டே இருட்டுக்குள் போய்விடுவார். அடுத்து 1970 ஜனவரியில், டாக்டரின் காலக் கப்பலான டார்டிஸின் கதவைத் திறந்துகொண்டு பெர்ட்வீ தரையில் விழுகிறார். நடுவில் நடந்த ரீஜெனரேஷனை அப்போது யாரும் காட்டவில்லை.

அந்த இடைவெளியைச் சந்தேகிக்க நல்ல காரணங்களும் உண்டு. 1983-இல் வந்த ‘தி ஃபைவ் டாக்டர்ஸ்’ கதையில் பழைய துணையாட்களான ஜேமியும் ஸோயியும் எதிரே வரும்போது, இவர்கள் வெறும் மாயத் தோற்றம் என்று ட்ரௌட்டன் கண்டுபிடிக்கிறார். இருவருடைய நினைவையும் டைம் லார்டுகள் அழித்துவிட்டார்கள், அப்புறம் எப்படி என்னைத் தெரிகிறது என்பது அவர் கணக்கு. அந்த நினைவழிப்பு நடந்ததே ‘வார் கேம்ஸ்’ முடிவில்தான். அதற்குப் பிறகும் ட்ரௌட்டன் அதே முகத்தோடு எங்கோ சுற்றியிருந்தால்தானே இது அவருக்குத் தெரியும்? 1985-இல் ‘தி டூ டாக்டர்ஸ்’ வந்தது. அதில் அதே ட்ரௌட்டன் டைம் லார்டுகளுக்காக வேலை பார்க்கிறார், கூடவே ஜேமியும் இருக்கிறார். இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி, தண்டனைக்கு முன்னால் அவரைக் கொஞ்ச காலம் ரகசிய ஏஜென்டாக வைத்திருந்தார்கள் என்று 1995-இல் வெளிவந்த ‘தி டிஸ்கன்டின்யூயிட்டி கைடு’ புத்தகம் சொன்னது. ‘வார் கேம்ஸ்’ கதையை எழுதியவர்களில் ஒருவரான டெரன்ஸ் டிக்ஸே பின்னால் தன் நாவல்களில் இதை எடுத்துக்கொண்டார். ரசிகர் தியரி ஒன்றுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

ரூத்தும் டைம் லார்டு அமைப்பு ஒன்றுக்காக வேலை பார்த்து, தப்பி ஓடியவர்தான். அதனால் இங்கே கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தெரிகிறது. அவருடைய டார்டிஸும் நீலப் போலீஸ் பெட்டி. இடத்துக்கேற்ப உருவம் மாற வேண்டிய டார்டிஸ் அந்த உருவத்தில் சிக்கிக்கொண்டது 1963 லண்டனில், ஹார்ட்னெல் காலத்தில். எனவே ரூத் அதற்குப் பின்னால்தான் வந்தாக வேண்டும் என்பது 6பி-காரர்களின் துருப்புச் சீட்டு. அது வலுவான சீட்டுதான். திரும்பி வருகிறேன்.

சோனிக் ஸ்க்ரூடிரைவர் விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததே. விட்டேக்கர் அதை நீட்டும்போது ரூத்துக்கு அது என்ன பொருள் என்றே தெரியவில்லை. அது தொடரில் நுழைந்தது 1968-இல், ட்ரௌட்டன் கையில். ட்ரௌட்டனுக்குப் பின்னால் வந்தவருக்கு அது தெரியாமல் போகாது. நினைவை அழித்திருப்பார்கள் என்று பதில் வரும். வரட்டும், அதை ஒப்புக்கொண்டே மேலே போகலாம். என்னைப் பொறுத்தவரை 6பி விழுவது இங்கே இல்லை, கூட்டல் கணக்கில்.

ஒரு டைம் லார்டுக்குப் பன்னிரண்டு ரீஜெனரேஷன்தான் என்ற விதி 1976-இல் ‘தி டெட்லி அசாசின்’ கதையில் வந்தது. பன்னிரண்டு மாற்றம் என்றால் பதின்மூன்று உடல். 2013 கிறிஸ்துமஸுக்கு வந்த ‘தி டைம் ஆஃப் தி டாக்டர்’ முழுக்க இந்த எண்ணிக்கை மேல்தான் நிற்கிறது. ஹார்ட்னெலில் தொடங்கி எண்ணுங்கள். பால் மெக்கான் எட்டு. ஜான் ஹர்ட் நடித்த போர் டாக்டர் ஒன்பது. எக்கல்ஸ்டன் பத்து. டென்னன்ட் பதினொன்று. 2008-இல் டென்னன்ட் பாதி ரீஜெனரேஷனில் அதே முகத்தைத் தக்கவைத்துக்கொண்டாரே, அதையும் ஸ்மித் தன் வாயாலேயே கணக்கில் சேர்க்கிறார். ஆக அது பன்னிரண்டு. மாட் ஸ்மித் பதின்மூன்று. அதனால்தான் ட்ரென்ஸலோர் கிரகத்தில் அவர் கிழவராகித் தளர்ந்து, இனி வழியில்லை என்று சாகத் தயாராகிறார். அவருடைய துணையாள் க்ளாரா சுவரிலிருக்கும் வெடிப்பின் முன் நின்று டைம் லார்டுகளிடம் கெஞ்சி, அவர்கள் புதிதாக ஒரு சுற்று ரீஜெனரேஷன் கொடுத்த பிறகுதான் அடுத்த டாக்டரான பீட்டர் கபால்டி வருகிறார்.

இப்போது ட்ரௌட்டனுக்கும் பெர்ட்வீக்கும் நடுவே மார்ட்டினை வையுங்கள். பெர்ட்வீ நான்காகிறார், மெக்கான் ஒன்பது, ஸ்மித் பதினான்கு. பதினான்காவது உடலுக்குப் பதின்மூன்றாவது ரீஜெனரேஷன் தேவை, அது கையிருப்பில் கிடையாது. அதாவது 2010 புத்தாண்டு அன்று டார்டிஸுக்குள் டென்னன்ட் வெடித்தாரே, அங்கே ஸ்மித்துக்குப் பதில் ஒரு பிணம்தான் மிஞ்சியிருக்க வேண்டும். நினைவை அழித்தார்கள் என்ற சமாதானம் இங்கே உதவாது. மனத்திலிருந்து ஒரு முகத்தை அழிக்கலாம், செலவான ரீஜெனரேஷன் எப்படித் திரும்ப வரும்?

இதற்கு 6பி தரப்பில் இரண்டு பதில்கள் கேட்டிருக்கிறேன். தண்டனையாக வந்த மாற்றத்தை டைம் லார்டுகளே செய்ததால் அது கணக்கில் சேராது என்பது முதல் பதில். சேராது என்றே வைத்துக்கொண்டாலும், கதைக்குள் அதற்கு ஆதாரமாக ஒரு வசனம்கூட இல்லை. இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியம். டாக்டர்தான் ‘டைம்லெஸ் சைல்டு’ என்று 2020 மார்ச் 1 அன்று வந்த எபிசோடே சொல்லிவிட்டது, அவருடைய ரீஜெனரேஷனுக்கு எல்லையே கிடையாது, பிறகு எதற்கு எண்ணிக்கை என்கிறார்கள். இங்கேதான் நான் கையை உயர்த்துவேன். டைம்லெஸ் சைல்டு என்றாலே ஹார்ட்னெலுக்கு முன்னால் டாக்டருக்கு அழிக்கப்பட்ட பல பிறவிகள் உண்டு என்றுதான் பொருள். ஹார்ட்னெல்தான் முதல் ஆள் என்ற பெருமையைக் காப்பாற்றத்தானே பலர் ரூத்தை 6பி-யில் உட்கார வைத்தார்கள்? அந்த 6பி-யைக் காப்பாற்ற அந்தப் பெருமையையே விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், ஒரு பக்கம் ஒட்டுப்போட மறுபக்கம் கிழிகிற பழைய வேட்டி கதைதான். முந்தைய பிறவிகளை ஒப்புக்கொண்டாகிவிட்டது, ரூத்தை அங்கேயே விட்டுவிடலாமே.

போதாததற்கு, 2024 டிசம்பரில் பிபிசி ‘வார் கேம்ஸ்’ கதைக்கு வண்ணம் பூசி, சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி ஒளிபரப்பியது. அதில் ட்ரௌட்டன் பெர்ட்வீயாக மாறுவதையே புதிதாகச் செய்து சேர்த்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து வருடமாகத் திறந்திருந்த கதவைச் சாத்தியாயிற்று. 1969 மூலத்தில் இல்லாததை ஏற்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டை போட மாட்டேன். ஆனால் ஒரு தியரியைக் கட்டிக்காக்கும் செலவு எப்படி ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஹார்ட்னெலுக்கு முன் என்ற கட்சிக்கு அந்தத் தொல்லை குறைவு. புதிதாக எது வந்தாலும் பெரும்பாலும் இதற்குச் சாதகமாகவே வருகிறது. 2021-இல் வந்த ‘ஃப்ளக்ஸ்’ சீசனில் ஒரு காட்சி. அட்ரோபோஸ் கோயில் முற்றுகையில், ரூத் வேலை பார்த்த டிவிஷன் என்ற அந்த அமைப்பின் படையோடு போவது விட்டேக்கர்போல் காட்டிக்கொண்டே வருவார்கள். அவர் தன் பிரதிபலிப்பைப் பார்க்கும்போது தெரிவதோ மார்ட்டினின் முகம். பக்கத்தில் நிற்பது அந்தக் காலத்துத் துணையாளான கர்வனிஸ்டா. விட்டேக்கரின் டாக்டரிடமிருந்து அழிக்கப்பட்ட காலம் அது. இதைவிடத் தெளிவாக எழுத்தில்தான் போட வேண்டும்.

பழைய சாட்சியும் உண்டு. 1976-இல் வந்த ‘தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்’ கதையில் மனப் போட்டியின்போது டாக்டரின் முகங்கள் பின்னோக்கி வரும். டாம் பேக்கர், பெர்ட்வீ, ட்ரௌட்டன், ஹார்ட்னெல், அதற்குப் பின்னால் அறிமுகமில்லாத எட்டு முகங்கள். தயாரிப்புக் குழுவினரே வேஷம் போட்டுப் படமெடுத்துக்கொண்ட முகங்கள் அவை. எல்லோரும் அந்த எட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பெர்ட்வீக்கும் ட்ரௌட்டனுக்கும் நடுவில் எதுவும் வராததுதான் முக்கியமாகப்படுகிறது. டாக்டருக்கே மறந்துபோன முகங்களைத் தோண்டியெடுக்கும் கருவி அந்த இடத்தில் மட்டும் ஏன் ஒருவரைத் தாண்டிப் போகிறது? (அந்த எட்டிலும் மார்ட்டின் இல்லைதான். ஆனால் போட்டி பாதியில் நின்றுவிடுகிறது. வரிசை இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை.)

அப்புறம், அந்தப் போலீஸ் பெட்டி. ரூத்தின் அறிமுக எபிசோடில் கலங்கரை விளக்கத்துக்கு வெளியே, பெயரில்லாத கல்லறையை விட்டேக்கர் தோண்டுகிறார். மண்ணுக்கு அடியிலிருந்து நீலப் பெட்டி தலைகாட்டுகிறது. அதே நேரத்தில் உள்ளே ரூத் கண்ணாடியை உடைக்கிறார். காட்சியாகப் பார்த்தால் அபாரம். காலவரிசையாகப் பார்த்தால் என் கட்சிக்குப் பெரிய தலைவலி. தொடரின் இரண்டாவது எபிசோடிலேயே, பெட்டி ஏன் உருவம் மாறவில்லை என்று ஹார்ட்னெல் குழம்புவார். முன்பெல்லாம் அது தூணாகவும் பல்லக்காகவும் இருந்தது என்று அவர் பேத்தி சூசன் சொல்வாள். அப்படியானால் அதற்கு முன் அது போலீஸ் பெட்டியாக இருந்தது எப்படி?

எனக்குப் பிடித்த விளக்கம் கப்பலிடமே இருக்கிறது. 2011-இல் வந்த ‘தி டாக்டர்ஸ் வைஃப்’ எபிசோடில் டார்டிஸ் ஒரு பெண்ணின் உடலில் புகுந்து பேசும். பழைய கட்டுப்பாட்டு அறைகளை எல்லாம் சேமித்து வைத்திருக்கிறேன், முப்பது இருக்கும் என்கிறது. நான் பன்னிரண்டு தடவைதானே மாற்றினேன் என்கிறார் டாக்டர். இதுவரைக்கும் என்கிறது கப்பல். இனி வரப்போகும் அறைகளே அதன் கையிருப்பில் இருக்கும்போது, இனி வரப்போகும் வெளித்தோற்றம் மட்டும் இருக்கக் கூடாதா? ரூத்தின் காலத்தில் அது ஆசைப்பட்டு அணிந்த உருவம்தான் அது. ரூத் பிடிபட்ட பிறகு கப்பலைச் சுத்தமாகத் துடைத்து, பழுதுபார்க்கும் கூடத்தில் போட்டிருப்பார்கள். ஹார்ட்னெல் திருடியது அந்தக் கூடத்திலிருந்துதான். 1963-இல் பிடித்த சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு கழற்ற மறுத்துவிட்டது என்று படித்தால், உருவம் மாற்றும் சர்க்யூட் சிக்கிக்கொண்டது என்ற பழைய விளக்கத்தைவிட இது எனக்கு இனிக்கிறது. இதில் துடைத்தார்கள் என்ற பகுதி என் ஊகம், திரையில் கிடையாது.

இன்னொரு ஓட்டையும் என் பக்கம் இருக்கிறது. எல்லையற்ற டைம்லெஸ் சைல்டு என்றால் ட்ரென்ஸலோரில் ஸ்மித் ஏன் சாகக் கிடந்தார்? நினைவை அழித்தபோது பன்னிரண்டு என்ற வரம்பையும் போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதுவும் ஊகம்தான். ஆனால் ஒரே நாளில் செய்த ஒரே காரியம் இரண்டு கேள்விக்கும் பதிலாகிறது. 6பி-யில் ஸ்க்ரூடிரைவருக்கு ஒரு சமாதானம், எண்ணிக்கைக்கு ஒன்று, அட்ரோபோஸுக்கு ஒன்று, வண்ணப் பதிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கிறது.

ஒலி நாடகங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, திரையில் வந்ததை வைத்துத்தான் பேசுகிறேன். திரையிலும் கதாசிரியர்கள் வேண்டுமென்றே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். டைம் லார்டுகளின் நினைவுக் களஞ்சியமான மேட்ரிக்ஸுக்குள் விட்டேக்கர் நேருக்கு நேராக, இதில் நீ எங்கே பொருந்துகிறாய் என்று ரூத்திடமே கேட்கிறார். நேரான பதில் வரவில்லை. அந்தப் பதில் ஒருநாள் வந்து அதில் 6பி என்று இருந்தால், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஸ்மித்தின் எண்ணிக்கையை மட்டும் யாராவது உட்கார்ந்து கூட்டிக் காட்ட வேண்டும். ட்ரௌட்டனின் ரகசிய ஏஜென்ட் காலத்துக்கோ நான் எதிரியே இல்லை. ஜேமிக்கும் ஸோயிக்கும் அதைவிட நல்ல விளக்கம் கிடையாது, அங்கே 6பி தாராளமாக இருக்கட்டும். ரூத்தை மட்டும் அதற்குள் திணிக்க வேண்டாம்.